ஜெயா பெயரில் அரசப்பன் தைத்தது

மரக்காணம் உப்பளத்தில் அரசப்பன் தைத்த மூட்டை என்றால் லாரிக்காரர்கள் இழுத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள். கோணி ஊசியில் சணலைக் கோத்து, மூட்டையின் வாயைச் சேர்த்துப் பிடித்து, விறுவிறுவென்று குத்தி இழுத்து முடிச்சுப் போட்டுவிடுவான். தையல் என்று அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சட்டைப் பொத்தான் அறுந்தால் மனைவி ஜெயாதான் தைத்துத் தரவேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு தன் கையில் சின்ன ஊசி வந்து மாட்டிக்கொள்ளும் என்றோ, அதனால் தன் நிம்மதி போகும் என்றோ அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

2004 டிசம்பர் கடைசியில் சுனாமி வந்தது. அரசப்பனின் தெரு கடலிலிருந்து உள்ளே தள்ளி, உப்பளத்துக்குப் போகும் சாலையோரம் இருந்ததால் வீடும் ஆட்களும் தப்பினார்கள். ஆனால் கழிமுகம் வழியாக ஏறிய தண்ணீர் உப்பளத்தின் வரப்புகளை உடைத்து, பாத்திகள் முழுவதும் கறுப்புச் சேற்றைக் கொட்டிவிட்டு வடிந்தது. தை மாதம் பாத்திகளைச் சீர் செய்து, காலால் மிதித்து இறுக்கி, உப்பு விளையத் தயார் செய்கிற காலம். அந்த வருஷம் அளத்து முதலாளி வெங்கடாசலம் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "சேறு காயட்டும்பா. இப்ப எறங்குனா இடுப்பு வரைக்கும் போயிடும். சொல்லி அனுப்புறேன்" என்று கிளம்பிப் போனார். வாரங்கள் போயின. சொல்லி அனுப்பவில்லை.

நிவாரணம் வந்தது. மீனவக் குப்பங்களுக்குப் படகும் வலையும் தருவதாகப் பேச்சு நடந்தது. உப்பளத்துக்காரர்களுக்கு அரிசியும் ஒரு செட் துணியும் கிடைத்ததோடு சரி. "நமக்கு என்னா போச்சுன்னு எழுதிக் குடுக்கிறது? சேறு வந்துச்சுன்னா?" என்று அரசப்பனின் கூட்டாளி தெய்வசிகாமணி டீக்கடையில் கேட்டான். இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வேலை பார்த்தவர்கள். பகலெல்லாம் டீக்கடை பெஞ்சில் சீட்டாடினார்கள். கொஞ்ச நாளில் அரசப்பனுக்குச் சீட்டும் கசந்துவிட்டது. வெளியே போனால் எரிச்சல், வீட்டில் இருந்தால் அதைவிட எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டிரஸ்ட் மரக்காணத்தில் பழைய அரிசி மண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பெண்களுக்குத் தையல் கூடம் ஆரம்பித்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்துக் கடைகள் வழியாக வெளிநாட்டு ஆர்டர் வரும் என்றார்கள். உப்பு சுமக்கிற வேலை நின்றுபோன பெண்களையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னதும் ஜெயா போய்ப் பெயர் கொடுத்தாள்.

ஜெயா பக்கத்திலிருந்த பிரம்மதேசம் கிராமத்துக்காரி. நடவுக்கும் அறுப்புக்கும் பழகிய உடம்பு. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் ஓடுவாள். ஒரு இடத்தில் குனிந்து உட்கார்ந்து ஊசி பிடிப்பது அவளுக்குத் தண்டனையாக இருந்தது. தினமும் ஒரு பை நிறைய வெட்டின துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். நீலம், வெளிர்நீலம், வெள்ளை. அவற்றைச் சதுரம் சதுரமாக இணைத்து, அடியில் ஒரு துணி வைத்து, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு கொடுத்து, மூன்றும் நகராதபடி மேலே ஓட்டுத் தையல் போடவேண்டும். கைக்குழந்தைகளுக்கான போர்வை. கூடத்தில் அதைக் குயில்ட் என்றார்கள். ஜெயா ஒட்டுப்போர்வை என்றாள்.

"முழுத் துணிய கிழிச்சிக் கிழிச்சி மறுபடியும் ஒட்டுறதாம். அதுக்குக் கிழிக்காமலே போத்திக்கினா என்னா?" என்று ஒரு நாள் காலையில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எழுந்தாள். "கழுத்து போயிடுச்சுய்யா எனக்கு. நாளைக்கு இத குடுக்கணும்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அரசப்பன், "குடு இங்க" என்றான்.

"நீயா?"

"மூட்ட தைக்கிறவன் இத தைக்க மாட்டனா?"

தைத்தான். ஒவ்வொரு தையலும் நெல்மணி நீளம் இருந்தது. ஜெயாவும், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் கலைமதியும் சேர்ந்து சிரித்தார்கள். "இதுல உப்பு கட்டி லாரியில ஏத்தலாம்யா" என்றாள் ஜெயா. அவனுக்குச் சுருக்கென்றது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தான். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்த்துப்போன கட்டைவிரலில் ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "ஐயோ, கறையாக்கிட்டியே" என்று ஜெயா பிடுங்கிக்கொண்டு போய் சோப்புப் போட்டாள். அடுத்த நாளும் அவன் கேட்டு வாங்கினான். ஏன் என்று அவனுக்கே புரியவில்லை. தோற்றுப்போனது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாசி முடியும்போது அவனுடைய தையல் ஜெயாவுடையதைவிடச் சின்னதாகிவிட்டது. அவள் சமைப்பாள், தண்ணீர் பிடிப்பாள். அவன் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தைப்பான். கூடத்தில் ஜெயா பேர் வாங்கினாள். அது இருவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு நாள் வெளிர்நீலத் துண்டு ஒன்று குறைந்தது. கூடத்துக்குப் போய்க் கேட்டு வரலாம் என்றால் ஜெயா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மூலையில் கிடந்த தன் பழைய லுங்கியை எடுத்து, வெளுத்துப்போன ஓரத்தில் ஒரு சதுரம் வெட்டினான். பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. அதை இடத்தில் வைத்தான்.

பக்கத்திலிருந்த நீலம் வேறு நீலமாகிவிட்டது.

எடுத்தான். பழைய நீலம். திரும்ப வைத்தான். ஆழமாக, குளிர்ந்து போன மாதிரி ஒரு நீலம். துணி அதேதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மாறியதும் அது மாறிவிட்டது. அரசப்பனுக்கு இது கண்ணுக்குப் புதிதல்ல. உப்பளத்தில் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டுக் கெட்டியாக்குவார்கள். முதல் பாத்தி பச்சையாக நிற்கும். அப்புறம் பழுப்பு. கடைசியில் செம்மை தட்டி, அதற்கும் பிறகு உப்புப் பூக்கும். பக்கத்துப் பாத்தி பூத்துவிட்டால் இந்தப் பாத்தியின் நிறமே வேறாகத் தெரியும். அதைத் தினமும் பார்த்தவன்தான். ஆனால் அது அங்கே தானாக நடப்பது. இங்கே அவன் வைத்தால் வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது. இன்னொரு துண்டை வெட்டினான். வேறொன்றை இடம் மாற்றினான். ஜெயா வந்தபோது அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த சோறு ஆறிப்போய் இருந்தது, போர்வையின் ஒரு பக்கம் முழுக்க மாறியிருந்தது.

அவசரத்தில் அவள் சரியாகப் பார்க்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் பையைச் சுவரில் அடித்தாள்.

"என்னா பண்ணி வச்சிருக்கே நீ? எல்லார் முன்னாலயும் விரிச்சிக் காட்டி, இந்தப் பச்ச எங்கருந்துக்கா வந்துச்சுன்னு கேக்குறா கூடத்த பாத்துக்கிற பொண்ணு. நான் என்னா சொல்லுவேன்? என் புருஷன் லுங்கின்னு சொல்லவா? உட்கார்ந்து முழுசா பிரிச்சேன்."

"பிரிச்சிட்டியா?"

"பிரிக்காம?"

"பாக்க நல்லா இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"நல்லா இருந்தா என்னா, நாறிப்போனா என்னா? சாம்பிள் மாதிரி இல்ல. என் பேர்ல வெளையாடாதே."

மறுநாள் அரசப்பன் கூடத்துக்குப் போனான். உள்ளே வரிசையாகத் தையல் மெஷின்கள், பாயில் உட்கார்ந்த பெண்கள், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட சாம்பிள் போர்வை. பொறுப்பாளர் சந்தியா புதுச்சேரியில் துணி டிசைன் படித்துவிட்டு வந்த இளம்பெண். ஸ்கூட்டியில் வந்து போவாள். ஆர்டர் தேதி நெருங்கினால் சாப்பிடக்கூட மறந்துவிடுவாள். கெட்டவள் இல்லை.

"நேத்து அந்தப் போர்வைய தச்சது நான்தாங்க. ஜெயா மேல தப்பில்ல" என்றான்.

பாயில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி பொத்தவில்லை.

"நீங்களாண்ணா?" சந்தியா நம்பாமல் அவன் கையைப் பார்த்தாள். "தையல் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா இது பெண்களுக்கான திட்டம்ண்ணா. உங்க பேர சேர்க்க முடியாது. சாம்பிளயும் நாம மாத்தக் கூடாது. அவங்க கேட்டத அப்படியே குடுக்கணும்."

"பேரு வேணாங்க. வெட்டுன மிச்சம் இருந்தா குடுங்க."

"எதுக்குண்ணா?"

"சும்மாதாங்க" என்றான். அவள் ஒரு பை நிறையக் கழிவுத் துண்டுகளை அள்ளிக் கொடுத்தாள்.

அந்தப் பையோடு ஆரம்பித்தது அவனுடைய அவஸ்தை. கண்ணை மூடினால் என்ன வேண்டும் என்று தெரிந்தது. பங்குனி மாதத்து முற்பகலில், வெயில் ஏறி, காற்று விழுந்திருக்கும் நேரத்தில், பெரிய வரப்பின் மேல் நின்று பார்த்தால் உப்பளம் எப்படிக் கிடக்கும், அது வேண்டும். ஆனால் பையில் இருந்ததெல்லாம் குழந்தைத் துணி. ரோஸ், இளமஞ்சள், வாத்துப் பொம்மை போட்டது. எத்தனை விதமாக அடுக்கினாலும் மிட்டாய்க் கடை மாதிரி வந்தது. அடுக்கினான், கலைத்தான். தைத்தான், பிரித்தான். பிரித்த இடத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. ஒரு நாள் ஆத்திரத்தில் அத்தனையையும் வாசலில் வாரி எறிந்துவிட்டு, சற்று நேரத்தில் தானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அப்போது பழைய துணி குவிந்து கிடந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் நிவாரணமாக அனுப்பியவை. கம்பளி ஸ்வெட்டர், கிழிந்த பேண்ட், கல்யாண வீட்டில் கட்டுகிற ஜரிகைப் புடவை, யாருடையதோ பள்ளிச் சீருடை. யாரும் சீண்டாமல் வண்டியிலிருந்து கொட்டின இடத்திலேயே கிடந்து, பனியிலும் வெயிலிலும் நிறம் மாறிக்கொண்டிருந்தன. அரசப்பன் ஒரு நாள் அங்கே இறங்கிக் கிளற ஆரம்பித்தான். வெளுத்த காக்கி. பழுப்புக் கால்சட்டை. நைந்துபோன வெள்ளை வேட்டி. ஒரு புடவையில் முந்தானைக்குக் கீழே மட்டும் அவன் தேடிய பச்சை இருந்தது.

தெய்வசிகாமணி சைக்கிளில் வந்தவன் காலை ஊன்றி நின்றுவிட்டான். "டேய், என்னாடா இது? பேப்பர் பொறுக்குறவன் மாதிரி?"

"துணி வேணும்டா."

"கேட்டா நான் தர மாட்டனா? ஊரே சொல்லுது, அரசப்பன் பொம்பள வேலைக்குப் போயிட்டான்னு. நான் இல்லன்னு சண்ட போட்டுக்கினு வர்றேன். நீ இங்க நிக்கிற."

வீட்டில் அதைவிட மோசம். துணி மூட்டையைப் பார்த்ததும் ஜெயா வாசலிலேயே மறித்தாள். "எந்தச் செத்தவன் துணியோ. உள்ள வராது."

"வெந்நீர்ல போட்டு அலசிடுறேன்."

"யாரு வெறகு? யாரு தண்ணி?" அவள் வாசலை விட்டு விலகவில்லை. "ஏன்யா, கஷ்டம்னா சொல்லு, எங்கண்ணன் வீட்டுக்குப் போயி நெல்லு வாங்கியாறேன். குப்பையில கையவச்சி மானத்த வாங்காதே."

கஷ்டத்துக்காக இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வேறு எதற்காக என்று அவள் கேட்பாள். பின்பக்கம் கொண்டுபோய்த் தானே விறகு பொறுக்கி, தானே தண்ணீர் சுமந்து அலசிக் காயப்போட்டான்.

சித்திரையில் வெங்கடாசலம் ஆள் அனுப்பினார். சேறு அள்ளி, வரப்புக் கட்டி, பாத்தி மிதித்து, வழக்கத்தைவிடத் தாமதமாக உப்பு எடுக்கத் தொடங்கினார்கள். வேலை வந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அரசப்பனுக்கும் சந்தோஷம்தான், முதல் கூலி வாங்குகிறவரை. அதற்குள் கை வெடித்துவிட்டது. உப்புத் தண்ணீர் விரல் இடுக்குகளில் இறங்கி அறுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஊசியைப் பிடித்தால் நூல் தோலின் வெடிப்பில் மாட்டி இழுத்தது. துணியில் ரத்தம் படிந்தது. அறுந்த நூலை எடுக்க அவனால் நகத்தைக்கூட உபயோகிக்க முடியவில்லை. பகலெல்லாம் நிறங்களுக்கு நடுவில் நின்று உப்பு வாரினான். இந்தப் பாத்தி இன்றைக்கு அந்தப் புடவைத் துண்டு, அந்தப் பாத்தி அந்தக் காக்கி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வேட்டித் துண்டு ஒடுக்கமாக வரவேண்டும் என்று கண் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தால் கை வராது. உப்பு வாரும் பலகையை விட்டுவிட்டு வெறித்து நின்றதற்காக மேஸ்திரியிடம் திட்டும் வாங்கினான்.

அந்த வருஷம் ஐப்பசியில் தொடங்கிய மழை விடவே இல்லை. உப்பளம் ஏரியானது. வேலை இல்லாத மாதங்கள், ஆறிய கை, அலசி வைத்த துணி. அரசப்பன் வீட்டு நடுவில் விரித்து உட்கார்ந்துவிட்டான். பஞ்சு விரிப்பு கிடைக்காததால் நடுவில் ஜெயாவின் பழைய நூல்புடவை ஒன்றைக் கொடுத்தான். அதற்கு ஒரு சண்டை. ஆனால் இந்தமுறை போர்வை வளர்ந்தது. ஒழுங்கான சதுரமாக இல்லை. உப்பளத்து வரப்பு எங்கே நேராகப் போகிறது? ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். மேல் ஓரத்தில் பச்சை, இறங்க இறங்கப் பழுப்பு, அடியில் வெள்ளை. வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. பழைய உள்பாவாடையிலிருந்து கிழித்தது. விரல் அகலம்கூட இல்லை. அந்தக் கோட்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு வாரம் போயிற்று. வைத்து முடித்த அன்று எழுந்து போய் வாசலில் நின்று, திரும்பி வந்து, புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். வந்துவிட்டது என்று தோன்றியது. முழுவதும் இல்லை. ஆனால் வந்திருந்தது.

கார்த்திகையில் கூரை பிய்ந்துகொண்டது. குடும்பமே பாத்திரம் வைப்பதிலும் அரிசியைக் காப்பாற்றுவதிலும் ஓடியது. கலைமதியின் பாடப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டு அரசப்பன் திரும்பிப் பார்த்தபோது, மூலையில் மடித்து வைத்திருந்த போர்வையின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. விரித்தான். உள்பாவாடைச் சாயம் இறங்கி, வெள்ளை முழுவதும் ரோஸாகிப் படர்ந்திருந்தது.

அதைச் சுருட்டி வாசல் பக்கம் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஈரத்துணி வீட்டுக்குள் நாறுமே என்று ஜெயாதான் அதை எடுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் காரைக் கூரை, மின்விசிறி உண்டு. ஒரு கயிறு கட்டி அங்கே காயப்போட்டாள். அன்றைக்கென்று சந்தியா ஒரு வெள்ளைக்கார அம்மாவை அழைத்து வந்திருந்தாள். ஆர்டர் கொடுக்கிறவர். அவர் சாம்பிள் போர்வைகளை விட்டுவிட்டு இந்தக் கயிற்றின் முன்னால் போய் நின்றார். ரோஸ் படர்ந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இது யார் செய்தது என்று கேட்டார். சந்தியா ஜெயாவைப் பார்த்தாள். ஜெயா ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதே மாதிரி இன்னும் பத்து வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"வித்துட்டியா?" அரசப்பன் எழுந்து உட்கார்ந்தான். "யாரக் கேட்டு?"

"நீதான வாசல்ல தூக்கிப் போட்ட?"

அவன் மறுபடி படுத்துக்கொண்டான். அந்தப் பணத்தில் கூரைக்குப் புதுத் தார்ப்பாய் வந்தது. மழை நின்ற மாதிரிதான் வீட்டுக்குள் இருந்தது. அதற்கு அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

சந்தியா வீட்டுக்கே வந்தாள். "ஜெயா அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்கண்ணா. உங்களால பத்து தைக்க முடியுமா? துணி நாங்க தர்றோம். அந்த ரோஸ் கலங்கின மாதிரி வருதுல்ல, அத மட்டும் மறந்துடாதீங்க. அவங்களுக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிருக்குது."

"அத நான் பண்ணலீங்க" என்றான் அரசப்பன். "மழ பண்ணுச்சு. அது கெட்டுப்போன எடம்."

சந்தியா சிரித்தாள். அவன் தன்னடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். போர்வையோடு சேர்த்துக் கட்டுகிற அட்டை. ஜெயாவின் படம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கலைமதி எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள்: சுனாமியில் எல்லாவற்றையும் இழந்த ஜெயா என்ற பெண் தன் துயரத்தை இந்தப் போர்வையில் தைத்திருக்கிறார்.

"நான் எதுவும் எழக்கலியே" என்றாள் ஜெயா.

"விக்கிறதுக்கு அப்படித்தான்கா எழுதுவாங்க" என்று சந்தியா சங்கடத்தோடு சொன்னாள். அரசப்பனைப் பார்த்து, "பெண்கள் செஞ்சதுன்னுதான் எல்லாமே போகுதுண்ணா. ஒண்ணு மட்டும் மாத்தி எழுத முடியாது" என்றாள்.

பேருக்காக இல்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்சம் பேருக்காகவும்தான். ஆனால் அவனைக் குடைந்தது அந்தத் துயரம் என்கிற சொல். அவன் துயரத்தைத் தைக்கவில்லை. பங்குனி மாதத்து உப்பளத்தைத் தைத்தான். அதை வாங்கினவருக்கும் தெரியவில்லை, விற்றவளுக்கும் தெரியவில்லை.

இருந்தும் இரண்டாவதைத் தைக்க உட்கார்ந்தான். ஜெயா கேட்டுக்கொண்டதற்காக. புதுத்துணி, ஒரே பீஸிலிருந்து வெட்டின பச்சை, ஒரே பழுப்பு. சந்தியா எடுத்து வைத்திருந்த முதல் போர்வையின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்துப் பார்த்துத் தைக்கையில், முன்பு தான் எடுத்த ஒவ்வொரு முடிவும் தன்னை அதிகாரம் பண்ணுவதாக இருந்தது. போன தடவை இங்கே காக்கி வைத்தாய், இப்போதும் வை. அன்றைக்கு ஏன் வைத்தான் என்பது இன்றைக்கு நினைவில்லை. பச்சை செத்துக் கிடந்தது. சாயம் போகிற சிவப்புத் துணியை வேண்டுமென்றே நனைத்துப் பார்த்தான். போட்டோவில் இருந்த மாதிரி படராமல், சட்டையில் குழம்பு கொட்டின மாதிரி ஆனது. பாதியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "என்னால ஆவாது" என்றான்.

"ஏன் ஆவாது? தச்சதுதான?"

"தச்சதால்தான் ஆவாது."

"பைத்தியம் புடிச்சிருக்குது உனக்கு" என்று ஜெயா கத்தினாள். "கேட்டு வாங்கித் தைக்கிறப்ப வேணாம்னேன், தச்சே. இப்ப ஊரே தையின்னு கெஞ்சுது, மாட்டேங்கிற. நான் அங்க போயி என்னா பதில் சொல்றது?"

பதிலை ஜெயா சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடத்திலேயே வழி கண்டுபிடித்தார்கள். தை மாதம் அரசப்பன் அந்தப் பக்கம் போனபோது சுவரில் புதுச் சாம்பிள் தொங்கியது. அவனுடைய போர்வையைத்தான் சந்தியா கணக்காக்கியிருந்தாள். கோணல் வரப்புகளெல்லாம் அளவெடுத்து நேராக்கப்பட்டிருந்தன. பச்சையில் ஆறு துண்டு, பழுப்பில் ஆறு, வெள்ளையில் ஆறு. சிவப்புக் கோடு இல்லை, அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கின ரோஸ் துணி. பெண்கள் அதை மெஷினில் மளமளவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மரக்காணம் டிசைன் என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

"பாருங்கண்ணா, உங்களுதுதான்" என்றாள் சந்தியா மகிழ்ச்சியோடு. "எல்லாருக்கும் வேல குடுத்திருக்குது."

அது உண்மை. பெண்கள் கையில் வேலை இருந்தது. அரசப்பன் தலையாட்டினான். தெய்வசிகாமணியிடம் சொல்லலாம் என்று டீக்கடைக்குப் போனான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டான்.

2006 பங்குனியில் உப்பு நன்றாக விளைந்தது. கை மறுபடியும் வெடித்தது. இந்தமுறை அவன் சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் கையை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, விளக்கெண்ணெய் தடவி, துணி சுற்றிக்கொண்டு படுப்பான். ஞாயிற்றுக்கிழமை சில விரல்கள் ஒத்துழைத்தன. மூன்றாவது போர்வை அப்படித்தான் ஊர்ந்தது. கதவைச் சாத்துவதை அவன் விட்டுவிட்டான். போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரித்தவர்களுக்கும் சலித்துவிட்டது.

இந்தப் போர்வையில் பழுப்புதான் அதிகம். உப்பு எடுப்பதற்கு முன்னால், தண்ணீர் பாதி வற்றி நிற்கிற நேரம். எத்தனை ஞாயிறு உட்கார்ந்தும் அது சரியாக வரவில்லை. என்ன தப்பு என்றும் பிடிபடவில்லை. அவன் அதையே முறைத்துக்கொண்டிருப்பான். வீட்டில் யாராவது கூப்பிட்டால் கடித்து வைப்பான்.

ஒரு ஞாயிறு முற்பகல் ஜெயா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தவள், துணியை மிதிக்காமல் தாண்டப் பார்த்து, நின்றுவிட்டாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"இந்த எடது ஓரம் மட்டும் கனமா இருக்குதே" என்றாள்.

"என்னா கனம்?"

"தெரியல. எல்லாம் அந்தப் பக்கமே சாஞ்சி கிடக்குற மாதிரி இருக்குது. கூடையில ஒரு பக்கம் மட்டும் உப்ப அள்ளிப் போட்டா தல சாயுமே, அப்படி."

"உனக்கு என்னா தெரியும்? போயி வேலையப் பாரு" என்றான்.

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அரசப்பன் ஊசியை எடுத்தான். இரண்டு தையல் போட்டான். நிறுத்தினான். இடது ஓரத்தைக் கையால் மறைத்துப் பார்த்தான், எடுத்துவிட்டுப் பார்த்தான். சனியன் பிடித்தவள், சரியாகச் சொல்லிவிட்டாள். அந்த ஓரத்தில் இருந்தது நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் வேலை. நடுவிலிருந்த இணைப்புகளும் அதோடு சேர்ந்து வரும்.

"பிளேடு எங்க?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

"ஜன்னல்ல பாரு. விரல அறுத்துக்காதே" என்று பதில் வந்தது.

வெடித்த விரல்களுக்குள் பிளேடைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் திட்டியபடியே, அவன் ஓரத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தான்.